வண்டி போய் நின்ற இடம்

என் மகளை எங்கே புதைத்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிறந்து சில நாட்களிலேயே போய்விட்டாள். தையல் பிரிக்காமல் நான் வார்டில் படுத்திருந்தபோதே ஆண்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்க் காரியத்தை முடித்துவிட்டார்கள். பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் அந்த இடத்துக்குப் போவதில்லை, அதுவும் வழக்கம். என் மாமியார் தன் பங்குக்கு இன்னொன்றையும் சேர்த்தார். பெற்றவளுக்கு இடமே தெரியக்கூடாதாம்.

"எடம் தெரிஞ்சிகினா அங்கியே போய் குந்திக்குவா. அப்பறம் அடுத்தது எப்டிடா தங்கும்?" என்று மகனிடம் சொல்லி, தன் தலைமேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாயால் சொல்லக் கூடாது, கூட்டிக்கொண்டும் போகக் கூடாது. என் கணவர் அப்படியே செய்தார். நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். "வுடு மே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம். பாலிடெக்னிக் முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். லைனில் தப்பாகி வரும் சர்க்யூட் பலகைகளை லென்ஸுக்கு அடியில் வைத்து மறுபடி சால்டர் பண்ணும் ரீவொர்க் மேசை. எங்கள் ஹாஸ்டலுக்கு வேன் ஓட்டியவரைத்தான் கட்டிக்கொண்டேன். அவருக்கு மணிமங்கலம் தாண்டி ஒரு ஊர். கல்யாணத்துக்குப் பிறகு மண்ணூரில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். குழந்தைக்குப் பின் நான் வேலைக்குத் திரும்பவில்லை.

அந்த மாதங்களில் நான் துக்கமாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். எப்படியும் இல்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், நான் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். பக்கத்துப் போர்ஷன் அக்கா தினமும் வந்து, "அய்துடு, அய்துட்டா சரியாப்பூடும்" என்று காய்கறி வண்டிக்காரர் மாதிரிக் கூவிவிட்டுப் போவார். அழுகை வந்தால்தானே அழ. அவருக்காகவாவது அழுது தொலைக்கலாம் என்று ஒருநாள் முயற்சிகூடச் செய்தேன். கொட்டாவிதான் வந்தது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் உயிர் இருந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வேனில் ஏற்கெனவே ஒரு குட்டிக் கணினி இருந்தது. சீட்டுக்கட்டு அளவு, ஒரே ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். பாட்டுப் போடவும், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேமராவைக் காட்டவும் நான்தான் முன்பு பொருத்திக் கொடுத்திருந்தேன். அதை நாங்கள் போர்டு என்று சொல்வோம். ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"ஹாஸ்டல் பொண்ணுங்க ஒரகடம் ஜங்ஷன்ல நின்னுகினு, அண்ணா எங்க வரீங்க எங்க வரீங்கன்னு போன் மேல போன் போடுதுங்க. ஸ்டியரிங்கப் புட்சிகினு எப்டி எடுக்கறது? போர்டுல ஜிபிஎஸ் மாட்ட முடியுமா மே? வண்டி எங்க கீதுன்னு அதுங்களே பாத்துக்கட்டும்."

"கடையில ரெடிமேடா விக்கானே, வாங்கி மாட்டுங்க" என்றேன்.

"நீ இருக்கசொல்ல அது எதுக்கு?"

என்னைப் பாயிலிருந்து எழுப்ப ஒரு சாக்கு. அது புரியாத அளவுக்கு நான் மந்தமாகிவிடவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும். அது இல்லாததால் சரி என்றேன்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் அவரே வாங்கிவந்தார். தபால் தலை அளவில் ரிசீவர். தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஓர் ஆன்டெனா, அதன் அடியில் காந்தம், நீளமாக ஒரு வயர். வேலை பெரிதில்லை. மொத்தம் நாலு கம்பி. கரன்ட்டுக்கு இரண்டு போக, ஒன்று சொல்வதற்கு, ஒன்று கேட்பதற்கு. ரிசீவர் சொல்லும் கம்பி போர்டு கேட்கும் ஊசிக்காலில் போய்ச் சேர வேண்டும், போர்டு சொல்வது ரிசீவர் கேட்கும் காலுக்குப் போக வேண்டும். நான் சொல்வதைச் சொல்வதோடும் கேட்பதைக் கேட்பதோடும் ஒட்டிவைத்தேன். இரண்டும் பேசின, இரண்டுக்கும் ஒன்றும் கேட்கவில்லை, எங்கள் வீட்டைப் போல. ரீவொர்க் மேசையில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவள் செய்கிற தப்பா இது? முன்பென்றால் என்னை நானே நாலு திட்டுத் திட்டியிருப்பேன். அன்றைக்குக் கம்பியை மாற்றி ஒட்டிவிட்டுப் பேசாமல் அடுத்ததைப் பார்த்தேன்.

மாற்றியதும் திரையில் வரி வரியாக ஓட ஆரம்பித்தது. எல்லாம் வெறும் காற்புள்ளிகள். இடத்தின் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல், கமா, கமா, கமா. வீட்டுக்குள்ளே இது வேலை செய்யாது, தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும். போர்டை மறுபடி வேனிலேயே மாட்டிவிட்டு வாருங்கள் என்று அவரிடம் கொடுத்தேன். வேனிலும் காற்புள்ளிதான் வந்தது. போய்ப் பார்த்தால், டாஷ்போர்டில் அம்மன் படம் வைத்திருக்கிற தகரத் தட்டுக்கு அடியில் ஆன்டெனாவைச் சொருகி, அதற்கு மஞ்சள் குங்குமமும் வைத்திருந்தார்.

"அம்மா பாத்துக்குவா மே" என்றார்.

"அம்மன் பாத்துக்கிடுவா. ஆனா இது மேல வானத்தப் பாக்கணும்லா? தகரத்த வச்சு மூடினா எப்படித் தெரியும்?"

ஆன்டெனாவை எடுத்து வண்டியின் கூரைமேல் வைத்தேன். காந்தம் டப்பென்று ஒட்டிக்கொண்டது. குங்குமத்தை மட்டும் அவர் துடைக்க விடவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்புள்ளிகளுக்கு நடுவே முதலில் நேரம் வந்தது. இந்த ரிசீவர்கள் அப்படித்தான், மணி என்ன என்று முதலில் சொல்லிவிடும், எங்கே என்று சொல்லத்தான் தாமதமாகும். பிறகு எண்கள் வந்தன. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. போர்டில் சொருகியிருந்த நெட் சிம் வழியாக என் போன் வரைபடத்தில், மண்ணூரில் எங்கள் தெருவின்மேல் ஒரு நீலப் புள்ளி வந்து உட்கார்ந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பார். "வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பெண்களுக்குப் பெரிய கொண்டாட்டம். ஒருத்தி எனக்கே போன் போட்டு, "அக்கா, புள்ளி நகருது அக்கா, நாங்க இப்பல்லாம் டீ குடிச்சிட்டே மெதுவா வாரோம்" என்றாள். தென்காசிப் பிள்ளை, என் ஊர்ப் பேச்சு. நல்லது என்றேன். எனக்கும் அது ஒரு பொழுதுபோக்கானது. மற்றவர்கள் சீரியல் பார்க்கிற மாதிரி நான் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி கேட், டீசல் பங்க், ஹாஸ்டல், மறுபடி கேட். நான் அறியாத எந்த இடத்துக்கும் அவர் போகவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அன்றைக்கு அவர் சோற்றில் கை வைத்ததும் ஆரம்பித்தேன்.

"நீங்க வாயால சொல்லாண்டாம். என்னையக் கூட்டிட்டும் போவாண்டாம். வண்டிய மட்டும் பாப்பா இருக்கிற எடத்துக்குக் கொண்டு போயி நிறுத்துங்க. நான் வீட்டுல இருந்தே பாத்துக்கிடுதேன்."

பிசைந்த கை அப்படியே நின்றது. "அது சத்தியத்த ஏமாத்துற மாரி ஆவாதா?"

"சத்தியம் ஒங்க வாய்க்கும் காலுக்கும்தான? சக்கரத்துக்கு இல்லையே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து கை கழுவிவிட்டார். அடுத்தடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு என்னென்னவோ வியாதி வந்தது. டயர், பிரேக், கண்ணாடி. நான் விடவில்லை. காலையில் காப்பியோடு ஒருமுறை, ராத்திரி சாப்பாட்டோடு ஒருமுறை கேட்டேன். கோபமாக இல்லை, கெஞ்சவும் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் கேட்டுக்கொண்டே இருந்தேன். அது அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். ஒரு ஞாயிறு காலை சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "பாத்துகினு இரு" என்றார்.

பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்தேன். புள்ளி மண்ணூரைத் தாண்டியது. ஒரகடம் ஜங்ஷனில் இடது பக்கம் திரும்பியது. படப்பையில் கொஞ்சம் மெதுவானது, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டமாக இருக்கும். மறுபடி இடது. மணிமங்கலம். பிறகு அவர்கள் ஊர், மாமியார் வீட்டுத் தெரு. அங்கே நிற்காமல் தாண்டி, ஏரிக்கரை ரோட்டில் போய் நின்றது. நான் வரைபடத்தை விரலால் பெரிதாக்கினேன். ஒரு பக்கம் ஏரியின் நீலம். நடுவில் ரோடு, ஒரு மெல்லிய கோடு. மறுபக்கம் வெளிறிப்போன வெற்றிடம், அதில் எந்தப் பெயரும் இல்லை. நின்ற வண்டியின் புள்ளி ஒரே இடத்தில் நிற்பதில்லை, கணக்கு அப்படி இப்படி ஆவதில் லேசாக அசைந்துகொண்டிருக்கும். அந்த அசைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை மாதம் இருந்தேன். வந்த பிறகு ஒன்றும் ஆகவில்லை.

போன் போட்டேன். "இதுதானா?"

"ம்."

"ரோட்டு மேலயா புதைச்சீங்க?" என் நாக்கு அப்படி.

"கீய."

"கீழன்னா எங்க? போர்டக் கழத்திக் கையில எடுத்துக்கிட்டு எறங்குங்க. ஒங்ககிட்ட பவர் பேங்க் இருக்குலா, அதுல சொருகுங்க. ஆன்டெனாவையும் எடுத்துக்கிடுங்க."

"நீ வுட மாட்ட."

"மாட்டேன்."

புள்ளி மறைந்தது. அவர் கழற்றி மாட்டுகிறார் என்று தெரிந்தாலும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப வந்தபோது அது ரோட்டின் கோட்டில் இல்லை. வெற்றிடத்துக்குள் இறங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. சரி, இதுதான் என்று நினைத்தேன். மறுபடி நகர்ந்தது. இடது பக்கம் போனது, நின்றது, வந்த வழியே திரும்பியது, இன்னொரு பக்கம் போனது. இந்தப் பகுதியில் எந்தச் சந்துக்குள் எந்த ஹாஸ்டல் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதர் அவர். ஆன்டெனா தடுமாறினால் புள்ளி இவ்வளவு தூரம் போகாது. தடுமாறுவது ஆள் என்று எனக்கு விளங்கியது. புள்ளி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரோட்டை நோக்கி வர ஆரம்பித்ததும் மறுபடி போன் போட்டேன்.

எடுத்தார். காய்ந்த முள் மிதிபடும் சத்தம் கேட்டது.

"என்ன, சொல்லுங்க."

"எனக்கும் தெர்ல மே."

டிரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அன்னிக்கி நான் எறங்கவே இல்ல. சித்தப்பாதான் கொயந்தய வாங்கிகினு போனாரு. நான் ரோட்லயே வண்டிகிட்ட திரும்பி நின்னுகினு இருந்தேன். காலு வரல. அப்பறம் ஒருநாளு அவர்கிட்ட போய் கேட்டேன். அடையாளம் வெக்கக் கூடாதுடா, மண்ண சமமா இழுத்துட்டு மேல முள்ளப் போட்டுட்டு வந்துட்டேன், இப்ப எனக்கே தெர்லன்னாரு. மய பேஞ்சி முள்ளும் அடிச்சினு போயிகீது."

"அப்ப அந்தச் சத்தியம்?"

"அம்மா கேட்டப்ப நல்லதாப் போச்சின்னு பண்ணிட்டேன். இல்லாங்காட்டி, நீ கேட்டா இன்னா சொல்றது?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெற்றவளுக்குத் தெரியக்கூடாது என்று ஊரே சேர்ந்து காத்த ரகசியம், கடைசியில் யாரிடமும் இல்லை.

"அங்கேயே இருங்க, வாரேன்" என்றேன்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். செருப்பைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, பாத்ரூம் செருப்போடு பஸ் ஏறியிருக்கிறேன். ஒரகடத்தில் ஒரு பஸ் மாறினேன். படப்பையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வழி தெரியாது, போனிலிருந்த புள்ளியைக் காட்டினேன். "ஏரிக்கரையா? அங்க இன்னாம்மா கீது?" என்றார் ஆட்டோக்காரர். "எங்க வீட்டுக்காரர் நிக்காரு" என்றேன். அது உண்மைதான்.

வேனின் நிழலில், போர்டையும் ஆன்டெனாவையும் இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"நீ இங்கல்லாம் வரக்கூடாது மே. அம்மா தலைல சத்தியம்..."

"நீங்க ஒண்ணும் என்னையக் கூட்டிட்டு வரலையே. நானாத்தான வந்திருக்கேன்."

கரையிலிருந்து இறங்கினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அங்கங்கே உடைந்த மண்சட்டி, காய்ந்த மாலை, அடையாளம் இருக்கிற பெரியவர்களின் மேடுகள். சின்ன மேடு எதுவும் கண்ணில் படவில்லை. புல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முளைத்திருந்தது. இங்கே வந்து நின்றால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும், பெற்றவளுக்குக் காலடியில் தெரியும் என்றெல்லாம் நான் நினைத்திருந்தேன். அப்படி எதுவும் தெரியவில்லை. வெயில் சுட்டது. நடந்து நடந்து கால் ஓய்ந்த இடத்தில், ஒரு கருவேலத்தின் அரை நிழலில் உட்கார்ந்தேன்.

"இங்கன்னு வச்சிக்கிடுவோம்" என்றேன்.

"இங்க இல்லன்னா?"

"இல்லன்னாலும் பக்கத்துலதான இருக்கா."

அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். போர்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் எடுத்து மண்ணின்மேல் வைத்தார். அந்தக் கை மூடியிருந்த அளவுக்குத்தான் அவள் இருந்தாள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. பிறகு, தலை நிமிராமல் கேட்டார்.

"எப்டி மே இருந்தா?"

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்தே அவள் சிசு வார்டில்தான் இருந்தாள், அதற்குள் தாயை மட்டும்தான் விடுவார்கள். பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நான்தான் உள்ளே போவேன், அவர் வெளி வராந்தாவில் நிற்பார். கடைசியில் அவர் கையில் கொடுத்தபோது முகம் வரைக்கும் துணி சுற்றியிருந்தது. விலக்கிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சித்தப்பா பார்த்திருக்கலாம். தகப்பன் பார்க்கவே இல்லை. எனக்கு இடம் தெரியாது, அவருக்கு முகம் தெரியாது. இத்தனை மாதமும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, என் குறையை மட்டும் காலையும் ராத்திரியும் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொன்னேன். காது அச்சு அசல் அவருடையது, மேல்பக்கம் லேசாக மடிந்து இருக்கும். நெற்றி வரைக்கும் பூனை முடி. மூக்கு என்னுடையது, பாவம். விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள், விடுவிக்க நர்ஸ் வர வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், யாரோ வழி சொல்லக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

"கண்ணத் தொறந்தாளா?"

"ஒருவாட்டி தொறந்தா."

"யாரப் பாத்தா?"

"என்னையத்தான்" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.